சலாம்

ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்தது.
தூங்கி எழுந்ததும் தலை முன்னால் விழும்,
இரண்டு கையும் விரிந்து எழும்,
நிற்கும்.
மறுபடி விழும்.
எதிர்வீட்டு ஒச்சம்மா, "ஏ, புள்ள கும்பிடுது பாரேன்" என்றாள்.
மச்சான், "சலாம் சொல்றா" என்று வீடியோ எடுத்து
குடும்ப குரூப்பில் போட்டான்.
நாற்பது பேர் இதயம் போட்டார்கள்.

எண்ணியது நான்.
ஒரு மூச்சில் முப்பத்தொன்று.
எந்த மனுஷருக்கும் முப்பத்தொரு சலாம் கடன் இல்லை.

பைபாஸ் ரோடு டிப்போவில் நான் பிரேக் ஃபிட்டர்.
டாக்டர் யோகாம்பாள் அதைக் கேட்டுக்கொண்டு
மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வரைந்தார்.
இரண்டு நரம்பு, நடுவில் ஒரு சந்து.
"இதுல ஓடுறது காபா. உங்க பாஷையில பிரேக்.
அமுக்குன பிறகு அதை உள்ளே இழுத்து
உடைச்சுப் போட ஒரு நொதி இருக்கு.
காபா டிரான்ஸமினேஸ்."
இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.
மூன்றாவது தடவை நானே சொன்னேன்,
ஒரு புது ஸ்பேர் பார்ட்டின் பெயரைப் போல.

முதலில் பி-ஆறு வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள்.
பிரேக்கைச் செய்கிற கைக்கும் அதுதான் வேணுமாம்,
உடைக்கிற கைக்கும் அதுதான் வேணுமாம்.
ஒரே கடையில் வாங்குகிற இரண்டு பங்காளிகள்.
சலாம் நிற்கவில்லை.

அப்புறம் இந்த மாத்திரை.
பத்து மில்லி தண்ணீரில் கரைத்து
ஊசியில்லா சிரிஞ்சில் பாதி,
காலையும் ராத்திரியும்.
அது நொதியின் கையைப் பிடிக்கும்,
பிடித்தால் விடாது.
இரண்டும் அப்படியே முடியும்.
உடம்பு இன்னொன்றைச் செய்து அனுப்பும்,
அதற்குள் அடுத்த வேளை மாத்திரை.

ராத்திரி டியூட்டியில் லைனிங் தேய்க்கும்போது நினைத்துக்கொள்வேன்:
அது ஒரு தப்பும் செய்யவில்லை.
மீனிலும் எலியிலும் கத்தரிச் செடியிலும்கூட
அதே வேலையைப் பார்க்கிறதாம்,
ஒருநாள் லீவு கேட்காமல்.
அதற்குத்தான் நான் சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்திருக்கிறேன்,
விசாரணை இல்லாமல்,
என் பிள்ளைக்குக் கொஞ்சம் அமைதி மிஞ்ச வேண்டும் என்று.

இன்னொரு தாளும் கொடுத்தார்கள்.
கண்ணில் நடு நிற்கும்,
ஓரம் போகலாம்.
போனால் திரும்பாது.
சைடு மிரர் உடைந்த வண்டியை
பதினாறு வருஷத்தில் ஒரு தடவையும்
கேட்டைத் தாண்ட விட்டதில்லை நான்.
ஷமீம் பேனாவை நீட்டினாள்.
கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள், காலையில் எழுந்தாள்.
தலை விழவில்லை.
நாங்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து
விழுமா விழுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.
பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணாஸ்பத்திரி.
அதுவரை வீட்டில் எங்கள் பரீட்சை:
ஷமீம் முன்னால் கிலுகிலுப்பை ஆட்டுவாள்,
நான் பின்னாலிருந்து மஞ்சள் ஸ்பூனை
மெல்ல மெல்லக் காதோரம் கொண்டுவருவேன்.
திரும்பினால் எனக்கு மூச்சு வரும்.
ஒருநாள் திரும்பவில்லை.
பசியாக இருக்கும் என்றாள் ஷமீம்.
இருக்கும் என்றேன்.

நேற்று சாயங்காலம் ஏ.வி. பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன்.
வைகையில் தண்ணீர் என்று சொல்ல ஒரு கோடு,
மீதி ஆகாயத்தாமரை.
ரயில் பாலத்தில் வண்டி வந்தது,
ஹாஜிரா டக்கென்று திரும்பினாள்.
ஷமீம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
சத்தத்துக்குத் திரும்பினாளா,
வெளிச்சத்துக்குத் திரும்பினாளா,
நான் கேட்கவில்லை.

ரயில் போய் அடங்கிய பிறகு
இடப்பக்கம், கைப்பிடிச் சுவருக்குக் கீழேயிருந்து
ஒரு கொக்கு எழுந்தது.
கொக்குக்குச் சத்தம் கிடையாது.
நான் அதைப் பார்க்கவில்லை,
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
பின்னால் ஷேர் ஆட்டோக்காரன்
ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகும்.